குடியை நிறுத்தியவர் எந்தக் குழுவில் சேரலாம்? சகதுணைக்கான வழிகள், ஓர் ஒப்பீடு

குடியை நிறுத்தும் சிகிச்சையில் மருத்துவர் செய்யவேண்டிய பகுதி பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடுகிறது. கைநடுக்கம் நிற்கிறது, உறக்கம் திரும்புகிறது, சோறு இறங்குகிறது. அதன் பிறகு வீட்டுக்கு வந்தவரின் முன்னால் நிற்பது மாலைப் பொழுது. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் மாநிலத்தில், வேலை முடிந்து திரும்பும் வழியில் அந்தக் கடையைக் கடந்தே ஆகவேண்டிய ஒருவர், ஆறரை மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடைப்பட்ட நேரத்தை யாருடன் கழிப்பது என்பதை எந்த மருந்துச் சீட்டும் சொல்வதில்லை. குடியை விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் கூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் சகதுணைக் குழுக்கள் அந்த இடத்தில்தான் பயன்படுகின்றன. இப்படிப்பட்ட குழுக்களில் பல வகை உண்டு. எல்லாம் எல்லோருக்கும் பொருந்துவதில்லை.

எதைத் தேர்வது என்ற பேச்சு எழும்போது, படித்தவர்களிடையே விவாதம் உடனே கடவுளைப் பற்றியதாக மாறிவிடுகிறது: இந்தக் குழுவில் கடவுளைச் சொல்கிறார்கள், அந்தக் குழுவில் சொல்வதில்லை, எனக்கு எது ஒத்துவரும் என்று. அது முக்கியமான கேள்விதான் என்றாலும் முதற்கேள்வி அல்ல. குழு எந்த மொழியில் பேசுகிறது, வழக்கமாகக் குடிக்கும் நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தொலைவில் கூடுகிறதா, இரவு பத்து மணிக்கு அழைத்தால் தொலைபேசியை எடுக்க அதில் ஒருவராவது இருக்கிறாரா என்ற மூன்றும் அதற்கு முன்னால் கேட்கப்பட வேண்டியவை. கொள்கையளவில் மிகப் பொருத்தமான குழு நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஞாயிறு காலையில் மட்டும் கூடுமானால், கொள்கையில் அரைகுறையாகப் பொருந்தினாலும் தெருமுனையில் செவ்வாய் மாலை கூடும் குழுவே உதவும் என்பது என் கருத்து. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்தக் கருத்தை ஒட்டியே செல்கிறது.

ஒப்பீட்டுக்குள் நுழையும் முன் ஓர் எச்சரிக்கை. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு குவார்ட்டர் உள்ளே போனால்தான் நிதானத்துக்கு வரும் நிலையில் இருப்பவர், எந்தக் குழுவின் பேச்சைக் கேட்டும் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைக்குள் சிலருக்கு உடல் வியர்த்து, நாடி ஓடி, இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணுக்குத் தெரியும் கடுமையான குழப்ப நிலை ஏற்பட்டு, சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரும் போகலாம். மருத்துவரின் கண்காணிப்பில், நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையின் அளவை நாள்தோறும் குறைத்துக்கொண்டு வருவதும், வைட்டமின் பி1 கொடுப்பதும் இந்தக் கட்டத்தைக் கடத்திவிடும். குழு அதற்குப் பின்னர் வருவது, அல்லது அதனோடு சேர்ந்து வருவது. அதற்கு மாற்று அன்று.

சகதுணை என்னும் முறைக்கு உலகெங்கும் முன்மாதிரியாக நிற்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற ஏ.ஏ. அமைப்பு. 1935ஆம் ஆண்டு மே மாதத்தில், வியாபார முயற்சி ஒன்று தோற்றுப்போன நிலையில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்து ஓட்டலில் தனியாக நின்றிருந்த பில் வில்சன், சில மாதங்களுக்கு முன்னர்தான் குடியை நிறுத்தியிருந்தவர். மதுக்கூடத்திலிருந்து வந்த சத்தம் அவரை இழுத்தது. அவர் அங்கே போகாமல் தொலைபேசியை எடுத்து, தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழைத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். ஸ்மித் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10 என்ற நாளே அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகிறது. வில்சன் அன்று தேடியது தனக்கு அறிவுரை சொல்பவரை அல்ல, தன் கதையைச் சொல்லிக் கேட்கவைக்கக்கூடிய ஒருவரை என்பதைக் கவனிக்க வேண்டும். கூட்டங்களில் புதியவருக்குக் கிடைக்கும் வரவேற்பின் காரணம் இங்கே இருக்கிறது. பழைய உறுப்பினருக்குப் புதியவர் தேவைப்படுகிறார். இந்தியாவுக்கு 1957இல் பம்பாய் வழியாக வந்த இந்த அமைப்பு, இப்போது தமிழ்நாட்டின் பெருநகரங்களிலும் பல மாவட்டத் தலைநகரங்களிலும் தமிழிலேயே கூட்டங்களை நடத்துகிறது.

கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியாத தயக்கமே பலரை வாசலில் நிறுத்திவிடுவதால், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்வது நல்லது. ஒரு பள்ளி வகுப்பறையோ தேவாலயத்தை ஒட்டிய சிறு கூடமோ இடமாக இருக்கும். வட்டமாகவோ வரிசையாகவோ பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசையில் சில புத்தகங்கள், குடியிலிருந்து மீள அமைப்பு வகுத்த பன்னிரண்டு படிகளை அச்சிட்டுத் தொங்கவிட்ட துணிப்பதாகை. பெயர்ப் பதிவு கிடையாது, முகவரி கேட்பதில்லை. மன அமைதிக்கான ஒரு சிறு வேண்டுதலோடு தொடங்கி, அமைப்பைப் பற்றிய முன்னுரையை ஒருவர் வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராகத் தம் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி, குடித்த காலத்தில் என்ன நடந்தது, எப்படி நின்றது, இப்போது நாள் எப்படிப் போகிறது என்று ஐந்து பத்து நிமிடம் பேசுவார். அதற்குப் பெயர் ஷேரிங். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை. பேசி முடித்தவருக்கு யாரும் புத்திமதி சொல்வதும் இல்லை. பேச விருப்பமில்லாதவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். இடையில் ஒரு பை சுற்றி வரும், இயன்றவர் இயன்றதைப் போடுவார், வெறுங்கையோடு வந்தவர் அதை அடுத்தவரிடம் நகர்த்திவிடுவார். அறை வாடகையும் தேநீர்ச் செலவும் அதிலிருந்துதான். வெளியாரிடமிருந்து நன்கொடை பெறுவதில்லை என்பது அமைப்பின் மரபு. குடியை நிறுத்தி ஓராண்டு, ஐந்தாண்டு ஆனவர்களுக்கு அன்றைய நாளைப் பிறந்தநாளாகவே கொண்டாடி, மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்து வந்து பேசவைக்கும் வழக்கமும் உண்டு.

கூட்டத்தைவிட முக்கியமானது கூட்டம் முடிந்தபின் நடப்பது. தேநீர் குடித்துக்கொண்டே இருவர் மூவர் வந்து தொலைபேசி எண் கொடுப்பார்கள். சில வாரங்களில், நீண்ட காலமாகக் குடிக்காமல் இருக்கும் ஒருவரைத் தமக்கு ஸ்பான்சராகக் கேட்டுக்கொள்ளலாம். படிகளை ஒவ்வொன்றாக அழைத்துச் செல்வது அவர் வேலை என்று ஏட்டில் இருந்தாலும், நடைமுறையில் சம்பள நாளன்று மாலை ஏழு மணிக்கு, "கடை வாசலில் நிற்கிறேன்" என்று சொன்னால் பேச்சைத் தொடர்ந்துகொண்டே பேருந்து ஏற வைப்பவர் அவரே. இந்தச் சேவைக்கு யாரும் கட்டணம் வாங்குவதில்லை. கட்டணம் கொடுத்தாலும் இந்த வகையான கவனிப்பு வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

இதன் பலன் குறித்து வெறும் நம்பிக்கைப் பேச்சு மட்டுமல்லாமல் ஓரளவு உறுதியான சான்றும் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ.வில் சேர்வதை முறைப்படி ஊக்குவிக்கும் சிகிச்சையைப் பெற்றவர்களில் ஓராண்டு முடிவில் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் 42 விழுக்காடு; எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற பிற முறைகளில் 35 விழுக்காடு. இந்த எண்களை வாசிக்கும்போது இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. ஒன்று, அந்த ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை. இரண்டு, "ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பார்" என்று வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டதை அல்ல, சிகிச்சையாளர் ஒருவர் கூட இருந்து கூட்டத்தோடு இணைத்துவிட்டதையே அவை அளந்தன. மேலும், 42 என்பதன் மறுபக்கம் 58. மீண்டும் குடித்தவர்கள் பெரும்பான்மையோர் என்பதால், ஒருமுறை சறுக்கியவரை ஒரு குழு எப்படி நடத்துகிறது என்பதையும் தேர்வில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நல்ல ஏ.ஏ. குழுவில் சறுக்கியவர் மறுநாள் வந்து உட்காரும்போது யாரும் கணக்குக் கேட்பதில்லை. அவருடைய நாட்கணக்கு மட்டும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. இந்த மறுதொடக்கத்தை அவமானமாக உணர்ந்து விலகிவிடுபவர்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஏ.ஏ. பொருந்தாத இடங்கள் எவை? பன்னிரண்டு படிகளில் முதற்படியே குடியின் முன் தாம் சக்தியற்றுப்போனதை ஒப்புக்கொள்வது. அடுத்து வருவது தமக்கு மேலான ஒரு சக்தியின் மீதான நம்பிக்கை. "நாம் புரிந்துகொண்ட வகையில் கடவுள்" என்ற விரிந்த சொல்லாட்சி இருந்தாலும், பகுத்தறிவு மரபில் வளர்ந்தவருக்கு இது நெருடும். கூட்டங்கள் பல இடங்களில் தேவாலய வளாகத்தில் நடப்பதால், மதம் மாற்றும் முயற்சியோ என்ற ஐயமும் குடும்பங்களில் எழுகிறது. அமைப்புக்கு எந்த மதத்தோடும் தொடர்பு இல்லை, குறைந்த வாடகைக்கு இடம் கிடைப்பதே காரணம் என்பதை எடுத்துச் சொன்னால் அந்த ஐயம் பெரும்பாலும் தீர்கிறது. சேர்வதற்கான ஒரே தகுதி குடியை நிறுத்தும் விருப்பம் என்பதால், நிறுத்தாமல் குறைத்துக்கொள்ள மட்டும் விரும்புபவர் அங்கே அன்னியராக உணர்வார். மருந்து குறித்தும் ஒரு சிக்கல் உண்டு. அமைப்பு, மருத்துவர் தரும் மருந்துக்கு எதிரானதன்று. ஆனால் "மாத்திரை போட்டுக்கொண்டு நிறுத்துவது நிறுத்தலே இல்லை" என்று சொல்லும் மூத்த உறுப்பினர்கள் எங்காவது இருப்பார்கள். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளையோ மனச்சோர்வுக்கான மாத்திரையையோ அவர்கள் பேச்சைக் கேட்டு நிறுத்துவது ஆபத்து.

இரண்டாவது வழி, சிகிச்சை பெற்ற இடத்திலேயே நடக்கும் தொடர் கவனிப்புக் குழு. தமிழ்நாட்டில் இதன் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு சென்னையில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், அதை நடத்தும் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை 1980இல் தொடங்கினார். குடிநோயாளியோடு அவர் குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது அதன் தனித்தன்மை. அவருக்கு 1992இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. நகரத்து மருத்துவமனைக்கு வர இயலாதவர்களுக்காக, இன்றைய திருவாரூர் மாவட்டத்தின் மஞ்சக்குடியில் 1989இல் தொடங்கிய கிராம முகாம்கள் சகதுணைக்கு இன்னொரு வடிவம் கொடுத்தன. ஊர்க்காரர்களே இடத்தையும் உணவையும் ஏற்பாடு செய்து, ஒரே பகுதியைச் சேர்ந்தவர்கள் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெற்றுத் திரும்பும்போது, ஒருவர் நிலை மற்றவருக்கு ஊரிலேயே தெரிந்துவிடுகிறது. முந்தைய முகாமில் தேறியவர் அடுத்த முகாமுக்கு ஆள் சேர்க்கிறார். பெயர் மறைப்பை அடித்தளமாகக் கொண்ட ஏ.ஏ.வுக்கு இது நேரெதிர். கிராமத்தில் யார் குடிக்கிறார் என்பது எவருக்கும் ரகசியமில்லை என்பதால், அங்கே இதுதான் இயல்பான வழியாகப் படுகிறது.

மருத்துவமனைக் குழுவின் நன்மை, மனநல மருத்துவரும் ஆலோசகரும் பக்கத்திலேயே இருப்பது. உறக்கமின்மை, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், சர்க்கரை நோய், கல்லீரல் நோய் என்று குடியோடு ஒட்டிக்கொண்டு வருபவற்றைக் கூட்டத்தில் பேசித் தீர்க்க முடியாது. குறை என்னவென்றால், குழு மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ, அதுவும் அலுவலக நேரத்தில் கூடுகிறது. ஆலோசகர் மாறினால் குழுவின் சுவையும் மாறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே பேச்சு ஆலோசகரைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் சிகிச்சை இலவசம் என்பதால் தொடக்கத்துக்கு அவை நல்ல இடம். அங்கிருந்து ஏ.ஏ. குழுவோடு இணைத்துவிடும்படி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்வதே, இரண்டின் நன்மையையும் பெறும் வழி.

கடவுள் என்ற சொல்லைத் தாண்ட முடியாதவருக்காக உள்ளவற்றில் முதன்மையானது ஸ்மார்ட் ரெக்கவரி. 1994இல் இந்தப் பெயரில் அமெரிக்காவில் இயங்கத் தொடங்கிய இது, உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் வகுத்த பகுத்தறிவு உணர்வுச் சிகிச்சை, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஆகியவற்றின் கருவிகளைக் கூட்டத்துக்குள் கொண்டுவருகிறது. ஊக்கத்தை வளர்த்துத் தக்கவைப்பது, குடிக்கத் தூண்டும் உந்துதலைச் சமாளிப்பது, எண்ணங்களையும் உணர்வுகளையும் நடத்தையையும் கையாள்வது, சமநிலையான வாழ்க்கையை அமைத்துக்கொள்வது என்பன அதன் நான்கு அம்சங்கள். குடிப்பதால் கிடைப்பது, இழப்பது, விட்டால் கிடைப்பது, இழப்பது என்று தாளை நான்காக மடித்து எழுதும் பயிற்சியை எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். "விட்டால் இழப்பது" என்ற கட்டத்தில் நண்பர் கூட்டம் என்று எழுதுபவர், தமக்கு மாலை நேரம் ஏன் கடினமாக இருக்கிறது என்பதைத் தாமே கண்டுகொள்வார். இங்கே தம்மைக் குடிநோயாளி என்று அறிவித்துக்கொள்ள வேண்டியதில்லை. உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் உரையாடலாம். வழிநடத்துபவர் பயிற்சி பெற்றவராக இருந்தால் போதும், குடித்து மீண்டவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஸ்பான்சர் என்ற ஏற்பாடு இல்லாததே என் பார்வையில் இதன் பெருங்குறை. தமிழ்நாட்டவருக்கு இன்னொரு தடையும் உண்டு: எளிதில் கிடைப்பவை இணையவழிக் கூட்டங்கள், அவற்றின் மொழி ஆங்கிலம். அலுவலகத்தில் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர்கூட, அப்பாவின் சாவுக்குக் குடித்துவிட்டுப் போனதை ஆங்கிலத்தில் சொல்ல முனையும்போது அது வேறு யாருக்கோ நடந்ததைப் போலத் தட்டையாக வெளிவரும். பெண்களுக்கான விமன் ஃபார் சோப்ரைட்டி, மதச்சார்பற்ற லைஃப்ரிங் ஆகியவையும் இதே வகையில் இணையத்தில் கிடைக்கின்றன. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இந்த மாற்றுக் குழுக்களையும் பன்னிரண்டு படிக் குழுக்களையும் ஓராண்டு பின்தொடர்ந்து, முற்றிலும் நிறுத்துவது என்ற இலக்கில் உறுதியாக இருப்பவர்களுக்கு இவை ஏறத்தாழ ஒரே அளவு உதவுகின்றன என்ற முடிவுக்கு வந்தது. ஆகவே நம்பிக்கையின் காரணமாக ஏ.ஏ.வைத் தவிர்ப்பவர், தரம் குறைந்த ஒன்றைத் தேர்ந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை.

இணையம் என்பது தனி வழியல்ல, மேற்சொன்னவற்றுக்கான இன்னொரு வாசல். கொரோனா ஊரடங்கின்போது கூடங்கள் பூட்டப்பட்டதால் ஏ.ஏ. கூட்டங்கள் ஜூம் செயலிக்கு மாறின. தமிழில் நடக்கும் இணையக் கூட்டங்களும் தொடர்கின்றன. வளைகுடா நாடுகளில் ஒப்பந்தத் தொழிலாளர் விடுதியில் இருப்பவருக்கு, குடித்தது தெரிந்தால் வேலையே போய்விடும் என்ற நிலையில், இந்திய நேரம் இரவு எட்டு மணிக் கூட்டம் துபாயில் மாலை ஆறரைக்கு வருவது பெரிய வசதி. கப்பலில் வேலை செய்பவர், குழுவே இல்லாத சிற்றூரில் இருப்பவர், கைக்குழந்தையோடு இருப்பவர் ஆகியோருக்கும் இதுவே முதல் வழி. ஆனால் கேமராவை அணைத்துவிட்டுக் கையில் கோப்பையோடும் கூட்டத்தில் இருக்க முடியும். உள்ளூரில் குழு இருந்தும் இணையத்தோடு நிறுத்திக்கொள்பவர், தம்மை யாரும் நேரில் பார்த்துவிடாமல் இருக்கும் வசதிக்காகவே அப்படிச் செய்கிறாரா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் குழு என்ற பெயர் இல்லாமலே காலங்காலமாக இயங்கிவரும் சகதுணை ஒன்றையும் இந்த ஒப்பீட்டில் சேர்த்தாக வேண்டும். சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்பவர்கள் விரத நாட்கள் முழுவதும் குடியைத் தொடாமல் இருப்பதை ஒவ்வொரு கார்த்திகையிலும் பார்க்கிறோம். அவர்கள் வைராக்கியத்தால் மட்டும் நிற்கவில்லை. குருசாமி ஒருவர் இருக்கிறார். விடியற்காலைக் குளியல், மாலைப் பூசை, பஜனை என்று நாளின் ஆபத்தான நேரங்கள் எல்லாம் நிரப்பப்பட்டிருக்கின்றன. உடையும் மாலையும் பார்ப்பவருக்கு அவர் நிலையை அறிவிப்பதால் பழைய கூட்டாளிகள்கூடக் கூப்பிடுவதில்லை. எல்லோரும் "சாமி" என்று அழைக்கிறார்கள், மரியாதை திரும்பக் கிடைக்கிறது. ஏ.ஏ.வின் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை இங்கே வேறு பெயரில் இருக்கின்றன. மாலையைக் கழற்றிய மறுநாள் அவை எல்லாம் ஒரே நேரத்தில் விலகிவிடுவதுதான் சிக்கல். கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதும் தேவாலயத் தியானங்களுக்குப் போய் வாக்குக் கொடுப்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. இவற்றை ஏளனம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. விரதம் முடியும் வாரத்திலேயே ஒரு கூட்டத்துக்குப் போகத் தொடங்குவது என்று முன்கூட்டியே திட்டமிட்டுக்கொண்டால், அந்த நாற்பத்தொரு நாட்களும் வீணாகாது. கடுமையாகக் குடிப்பவர் மாலை போடும் அன்று சட்டென்று நிறுத்துவதில், முன்னர்ச் சொன்ன வலிப்பு அபாயம் உண்டு. அவர் மருத்துவரைப் பார்த்துவிட்டே மாலை போட வேண்டும்.

சகதுணை என்ற பெயரில் தவிர்க்கவேண்டியதும் ஒன்று உண்டு. குடியிலிருந்து மீண்டவர்களே நடத்துகிறார்கள் என்ற விளம்பரத்தோடு இயங்கும் சில மறுவாழ்வு இல்லங்கள், குடும்பத்தார் தொலைபேசியில் சொன்னால் போதும் என்று ஆட்களை வண்டியில் அனுப்பி, விருப்பமில்லாதவரைத் தூக்கிக்கொண்டு போய், மாதக்கணக்கில் அடைத்து வைக்கின்றன. அடித்த செய்திகளும் இறந்த செய்திகளும் அவ்வப்போது வருகின்றன. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன்படி இத்தகைய இல்லம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்; எவரையும் சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. பதிவுச் சான்றைக் காட்டாத, குடும்பத்தாரை உள்ளே வந்து பார்க்க விடாத, மருத்துவர் யார் என்று கேட்டால் மழுப்புகிற இடத்தில் ஒருவரைச் சேர்க்கக் கூடாது. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கப்படும் பொடிகளும் இதே தரத்தவை. அவற்றில், குடித்தால் உடலை வருத்தும் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருக்கக்கூடும். அதை உட்கொண்டது தெரியாமல் ஒருவர் குடித்தால் வாந்தி, மூச்சுத்திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அது நோயாளி அறிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே எடுக்கவேண்டிய மருந்து.

பெண்களின் நிலையைத் தனியே சொல்லவேண்டியிருக்கிறது. ஆண்கள் மட்டுமே நிறைந்த கூடத்தில், தன் தெருக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கக்கூடும் என்ற அச்சத்தோடு ஒரு பெண் பேசத் தொடங்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. பெண்களுக்கான தனிக் கூட்டங்களும் பெண் ஸ்பான்சரும் இருக்கிறார்களா என்று கேட்டறிந்த பிறகே அவர் ஏ.ஏ.வை முடிவு செய்யலாம். அதுவரை மருத்துவமனையின் ஆலோசகரும் இணையவழிக் கூட்டமும் பாதுகாப்பானவை.

குடும்பத்தாருக்கென்று இருக்கும் அல்-அனான், பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் மற்றொருவரோடு சேர்ந்து தொடங்கியது. பதின்பருவப் பிள்ளைகளுக்கான அலட்டீன் 1957இல் வந்தது. குடிப்பவர் எந்தக் குழுவைத் தேர்ந்தாலும், தேராவிட்டாலும், மனைவியோ தாயோ இதற்குப் போகலாம். இந்நோயை நான் உண்டாக்கவில்லை, என்னால் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்ற மூன்று வாக்கியங்களை, "நீ ஒழுங்காக இருந்திருந்தால் அவன் ஏன் குடிக்கிறான்" என்று மாமியார் வீட்டில் கேட்டுக்கேட்டுச் சலித்த ஒரு பெண் முதன்முறையாகக் கேட்கும்போது, அவர் தோளிலிருந்து கொஞ்சம் பாரம் இறங்குகிறது. பாட்டிலைத் தேடி ஒளித்து வைப்பது, அலுவலகத்துக்கு அழைத்துக் காய்ச்சல் என்று பொய் சொல்வது, கந்துவட்டிக் கடனை அடைப்பது போன்றவற்றிலிருந்து எப்படி விலகிக்கொள்வது என்பதையும் அங்கே அனுபவப்பட்டவர்களிடமே கற்கலாம்.

ஆக, யாருக்கு எது? தமிழில் பேசுகிற, நகரத்திலோ பெரிய ஊரிலோ வாழ்கிற, முற்றிலும் நிறுத்த விரும்புகிற ஒருவருக்கு, சிகிச்சை முடிந்த வாரத்திலேயே ஏ.ஏ.வில் சேர்வதையும், முதல் மூன்று மாதங்கள் கூடியவரை தினமும் ஏதாவதொரு கூட்டத்துக்குப் போவதையும் பரிந்துரைக்கிறேன். கடவுள் பேச்சு உறுத்தினால், கூட்டத்தையே தமக்கு மேலான சக்தியாக வைத்துக்கொண்டு அங்கேயே தொடரும் நாத்திகர்கள் பலர் உண்டு. அதுவும் முடியாது, ஆங்கிலம் சரளமாக வரும் என்பவர் ஸ்மார்ட் ரெக்கவரியைத் தேர்ந்துகொண்டு, இரவில் அழைக்க ஒரு நண்பரையாவது தனியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மனச்சோர்வோ வேறு மனநோயோ கூடவே இருப்பவருக்கு மருத்துவமனைக் குழு முதலில், மற்றது பிறகு. கிராமத்தில் இருப்பவர் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரையும் அருகில் முகாம் நடக்கிறதா என்பதையும் விசாரித்துவிட்டு, இடைக்காலத்துக்கு இணையக் கூட்டத்தைப் பயன்படுத்தலாம். இன்னும் நிறுத்துவதா குறைப்பதா என்று முடிவெடுக்காதவர், குழுவைத் தேடுவதற்கு முன் ஒரு மருத்துவரோடு ஒருமுறை பேசுவது நல்லது; நீண்ட நாள் சார்புநிலையில் இருந்தவருக்குக் குறைத்துக் குடிப்பது பெரும்பாலும் நிலைப்பதில்லை.

எதைத் தேர்ந்தாலும் ஒரே ஒரு கூட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஒரே அமைப்பின் இரண்டு குழுக்கள் முற்றிலும் வேறு மனநிலையில் இருக்கும். ஒன்றில் ஓய்வுபெற்றவர்கள் நிறைந்திருப்பார்கள், இன்னொன்றில் ஓட்டுநர்களும் கொத்தனார்களும் இருப்பார்கள், மூன்றாவதில் ஒருவரே முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார். குறைந்தது மூன்று நான்கு வெவ்வேறு கூட்டங்களுக்குப் போய்ப் பார்த்த பின் முடிவு செய்வது நியாயம்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையான நிலையில் இருக்கும் 38 பேரில் ஒருவரே ஏதாவதொரு சிகிச்சையோ உதவியோ பெற்றிருக்கிறார். எங்கே கேட்பது என்று தெரியாதது அதற்கு ஒரு காரணம் என்றால், அதை எளிதில் தீர்க்கலாம். 14446 என்பது போதைமீட்புக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண். 14416 மனநல ஆலோசனைக்கானது. ஏ.ஏ.வின் உள்ளூர்த் தொடர்பு எண்ணை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ அமைப்பின் இணையதளத்திலோ பெறலாம். அழைக்கும்போது முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் தமிழில் நடக்கிறதா, குடும்பத்தாரும் உடன் வரக்கூடிய திறந்த கூட்டமா அல்லது குடிநோயாளிகளுக்கு மட்டுமான மூடிய கூட்டமா, எத்தனை மணிக்கு முடியும், கடைசிப் பேருந்து கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளலாம். தனியாக உள்ளே நுழையத் தயக்கமாக இருந்தால், வாசலில் வந்து அழைத்துச் செல்ல யாராவது வருவார்களா என்றும் கேட்கலாம், பெரும்பாலும் வருவார்கள்.